தீசி சூடு

செங்கமலம் சுவிட்சைத் தட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடி நின்றன. மேல்மூலையில் நெட் தெரிய வேண்டிய இடம் காலியாக இருந்தது. நேற்றும் காலியாகத்தான் இருந்தது.

அணைத்துவிட்டு மறுபடி தட்டினாள்.

"எத்தினி வாட்டி தட்டுவ? சுவிட்சு பூடும்," என்றான் அவள் புருஷன் வேங்கடாசலம். முழங்கை வரை தவிடு ஒட்டியிருந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு நேராக வந்திருந்தான்.

"வேற இன்னா பண்ணச் சொல்ற?"

"அந்தக் கம்ப்யூட்டர் ஆளுக்குப் போன் போடு."

"போட்டேன். எடுக்கல."

அவன் வாசலுக்குப் போய்க் கேன்களைக் கவிழ்த்து வைத்த இடத்தில் நின்றான். ஒன்றைத் தட்டிப் பார்த்தான். கழுவின கேனைத் திரும்பவும் கழுவ ஆரம்பித்தான்.

ஆந்திர எல்லைக்குள் இருக்கும் தாழங்கண்டிகையின் பால் சென்டர் அவர்கள் வீட்டு முன்னறைதான். ஒரு தராசு, பாலைச் சோதிக்கும் மிஷின், மேஜைமேல் செங்கல் அளவில் ஒரு கம்ப்யூட்டர். எல்லாரும் அதைப் பெட்டி என்பார்கள். மிஷின் பாலை உறிஞ்சிக் கொழுப்பு எவ்வளவு என்று சொல்லும். அது பெட்டிக்குப் போகும். பெட்டியிலிருந்து திருப்பதியில் டைரி ஆபீசுக்குப் போகும். அங்கே திரையில் வராத பாலை வண்டியில் ஏற்றக் கூடாது என்பது டைரியின் சட்டம்.

நேற்றுக் காலையும் மாலையும் எதுவும் போகவில்லை. வண்டி ஓட்டும் சந்துரு பழகினவன் என்பதால் இரண்டு வேளையும் ஏற்றிக்கொண்டு போனான். ராத்திரி சூப்பர்வைசர் பவன்குமார் போன் செய்தார். நாளைக் காலை ஆன்லைனில் வராவிட்டால் பாலை ஏற்ற மாட்டார்கள், சென்டரைப் பக்கத்து ஊர் ராஜுலகண்டிகைச் சென்டரோடு சேர்த்துவிடுவார்கள். அவ்வளவுதான் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் செங்கமலத்தைத் தூங்கவிடவில்லை.

அவளுடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டினவர். அவளும் அடுத்தவர் கடலைக்காட்டில் களை எடுத்தவள்தான். இரண்டு மாடும் இந்த அறையும் வந்த பிறகுதான் மேல்தெருக்காரிகள் இந்த வாசலில் வந்து வரிசையில் நிற்கிறார்கள்.

மகள் கௌசிகா எழுந்து வந்தாள். தலையை அள்ளி முடிந்துகொண்டே திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஸ்ரீசிட்டி கம்பெனி ஒன்றில் வேலை. இரண்டாம் ஷிஃப்ட். ராத்திரி வெகுநேரம் கழித்துத்தான் கம்பெனி பஸ் இறக்கிவிட்டிருந்தது. மாமா வீட்டில் தங்கி ஊத்துக்கோட்டையில் தமிழில் படித்து, அப்புறம் டிப்ளமா முடித்தவள். தெலுங்கு சரியாக வராது.

"அப்டியேதான் கீதாமா?"

"அப்டியேதான் கீது."

கௌசிகா எதையோ தட்டினாள். வரிகள் விழுந்தன. விரலால் ஒரு வரியைத் தொட்டாள்.

"நெட்டு கார்டு உள்ள கீதுன்னு காட்டுது பாரு. கார்டுக்கு ஒண்ணும் ஆவல." இன்னொன்று தட்டினாள். "டிரைவரக் கூப்ட்டா, அப்படி ஒண்ணு இல்லவே இல்லன்னு சொல்லுது."

"நேத்தும் அதான் சொல்லுச்சு."

"நேத்து பழச எடுத்தா சரியாவும்னு சொன்னாங்களே. எடுத்துட்டோம். ஆவலையே."

செங்கமலம் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். அடுப்பில் களிக்கு வைத்த தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. போய்க் கேழ்வரகு மாவைக் கொட்டினாள். துடுப்பைப் பிடித்துக் கிண்டும்போதும் காது போனில்தான் இருந்தது.

முதலில் வந்தவள் செல்லியம்மா. இடுப்பில் பால் தூக்கு. பின்னால் சுமித்ரா, அவள் பின்னால் இன்னும் நாலைந்து பேர். புரட்டாசி மாதம். விடியும்போதே புழுக்கமாக இருந்தது. இந்த மாதத்தில் பால் சீக்கிரம் திரியும்.

"இன்னாமே, நெட்டு வந்துச்சா?"

"இன்னும் இல்ல அத்த. டிரைவர் இல்லியாம்."

"யாரு, சந்துருவா? நேத்து நல்லாதான இருந்தான்."

"அந்த டிரைவர் இல்ல. பொட்டிக்குள்ள ஒரு டிரைவர்."

"பொட்டிக்குள்ளயா?" செல்லியம்மா எட்டிப் பார்த்தாள். "அவனும் குடிச்சிட்டு எங்கனா படுத்துகினானா?"

சிரித்தார்கள். கௌசிகாவும் சிரித்தாள். திரும்பாமலே சொன்னாள்:

"இந்தப் பொட்டி லினக்ஸ்ல ஓடுது ஆயா. அதுக்கு அடியில கெர்னல்னு ஒண்ணு கீது. அது தானாவே புதுசா மாறிப்போச்சு. பழைய கெர்னலுக்குச் செஞ்ச டிரைவர் புதுசுல வேலைக்கு ஆவாது."

"மாமியா மாறினா மருமவ சமையல் ருசிக்காது. அப்டி சொல்லு."

"அப்டியேதான்."

"மாமியாளத் திருப்பிக் கூட்டியாரக் கூடாதா?"

கௌசிகா விரல் நின்றது. அந்தக் கேள்வியை அவள் நேற்றே கேட்டிருந்தாள்.

நேற்று மதியம் டைரியின் கம்ப்யூட்டர் ஆள் ஹரிபாபு குரல் மெசேஜ் ஒன்று அனுப்பியிருந்தான். தெலுங்கில். 'அக்கா, கொத்த கெர்னல்லோ டிரைவர் லேது. பாத கெர்னல் தீசி சூடு.' செங்கமலம் இரண்டு முறை கேட்டுவிட்டு மகளிடம் சொன்னாள்.

"புதுசுல டிரைவர் இல்லியாம். பழச எடுத்துட்டுப் பாக்கச் சொல்றாரு."

"பழச எடுத்தா இன்னாமா ஆவும்? அதுலதானே நல்லா ஓடிக்கினு இருந்துச்சு."

"அவரு சொல்றாரு. தெலுங்கு உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

ஷிஃப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கௌசிகா தட்டினாள். நீக்கவா என்று பெட்டி கேட்டது. நீக்கு என்றாள்.

தராசு வேலை செய்தது. மிஷினும் வேலை செய்தது. ஒவ்வொருவர் பாலாகச் சோதித்து, எடை போட்டு, வடிதுணி வழியாகக் கேனில் ஊற்றினார்கள். பெட்டி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டது. எதையும் அனுப்பவில்லை. கேன் நிரம்ப நிரம்ப வேங்கடாசலம் அதைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, ஈரச் சாக்கைப் போர்த்தினான். கொஞ்ச நேரத்தில் சாக்கைத் தொட்டுப் பார்ப்பான். மறுபடி தண்ணீர் தெளிப்பான்.

"நைனா, களி துன்னுட்டுப் பாரேன்," என்றாள் கௌசிகா.

"இறங்காது."

ஆனாலும் ஒரு உருண்டையை வேர்க்கடலைத் துவையலில் தோய்த்து நின்றபடியே விழுங்கினான். கண் தொட்டியிலேயே இருந்தது.

போன் அடித்தது. ஹரிபாபு.

"அக்கா, ரேணிகுண்டா ஸ்டேஷன்ல உன்னானு. ட்ரெயின் வந்துட்டா சிக்னல் போயிடும். சீக்கிரம் சொல்லு. நெட் வச்சிந்தா?"

"வரல சார்."

"பாப்பாவை லைன்ல கூப்பிடு. ஸ்பீக்கர் போடு." அவன் தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேசுவான். "பெட்டி ஆஃப் சேசி ஆன் பண்ணு. ஆன் ஆகறப்ப எடது கை ஷிஃப்ட் கீ அமுக்கிப் புடி. விடாதே."

கௌசிகா அணைத்து, போட்டு, ஷிஃப்டை அழுத்திப் பிடித்தாள். இதுவரை பார்க்காத ஒரு பட்டியல் வந்தது. இரண்டு வரி.

"ரெண்டாவதுல போ. அட்வான்ஸ்டு."

போனாள்.

"இப்போ கெர்னல்லாம் வரிசையா தெரியும். மேல இருக்கிறது கொத்தது. கீழ பாததி. பாததி மேல எண்ட்டர் அடி. அந்தே. அவ்ளோதான்."

திரையில் ஒரு கெர்னலின் பெயர்தான் இருந்தது. அதற்குக் கீழே அதுவேதான், பழுது பார்ப்பதற்கு என்று எழுதியிருந்தது. வேறு எண் இல்லை.

"சார், புதுசு மட்டும்தான் கீது," என்றாள் கௌசிகா.

"பாததி லேதா?"

"இல்ல சார்."

ஸ்டேஷன் ஒலிபெருக்கி ஏதோ சொன்னது.

"எவரு தீசேசாரு? யார் எடுத்தது?" என்றான்.

செங்கமலம் போன் பக்கம் குனிந்தாள். "நீங்கதானே சார் சொன்னீங்க. தீசி சூடுன்னு."

"அக்கா." குரல் இறங்கிவிட்டது. "தீசி அண்ட்டே தெரிச்சி, அக்கா. தீசெய்யி அனலேது நேனு."

தெலுங்கில் கதவைத் தீய் என்றால் திற. கல்லைத் தீய் என்றால் எடு. இரண்டும் ஒரே சொல். செங்கமலம் இந்தச் சொல்லோடு பிறந்து வளர்ந்தவள். சந்தையில், ஆஸ்பத்திரியில், தாசில்தார் ஆபீசில் ஊர்ப் பெண்களுக்காகப் பேசினவள். ஒருநாளும் தடுக்கியதில்லை.

"இன்னாமா சொல்றாரு?" என்றாள் கௌசிகா.

வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்குப் புரிந்துவிட்டது.

"எடுக்கச் சொல்லல," என்றாள் செங்கமலம். "தொறந்து பாக்கச் சொல்லிக்கீறாரு."

கௌசிகா திரையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. பிறகு போனை எடுத்துக்கொண்டாள்.

"சார், நான்தான் தப்பா எடுத்துட்டேன். இப்ப இன்னா பண்ணணும்?"

"நெட் இருந்தா பழசத் திரும்ப இறக்கலாம். நெட் லேது. நெட் வரணும்னா பழசு வேணும்." அவன் பெருமூச்சு விட்டான். "பாப்பா, உன் போன்ல டேட்டா இருக்கா? கேபிள்ல பெட்டிக்கு மாட்டு. போன்ல யு.எஸ்.பி. டெதரிங் ஆன் சேய். அதுக்குக் கார்டு வேணாம், அந்த டிரைவரும் வேணாம். கம்பி வழியாவே நெட் வரும்."

"பண்றேன் சார்."

"அக்கா, இன்னொண்ணு. நான் தீசி சூடுன்னு சொன்னேன்னு பவன் சாருக்குச் சொல்லாதீங்க. எனக்கும் இன்னும் பர்மனென்ட் ஆகலே."

ரயில் சத்தம் வந்தது. லைன் போயிற்று.

கௌசிகா சார்ஜர் கம்பியைப் பிடுங்கிப் போனையும் பெட்டியையும் இணைத்தாள். போனில் மின்னல் குறி வந்தது. சார்ஜ் ஏறியது. டெதரிங் என்ற எழுத்து சாம்பல் நிறத்தில் கிடந்தது. தொட்டால் திறக்கவில்லை.

கம்பியைத் திருப்பி மாட்டினாள். ஊதி மாட்டினாள். பெட்டியின் பின்பக்கத் துளையில் மாட்டினாள்.

"இன்னா ஆச்சு?"

"இது சார்ஜ் மட்டும் ஏத்தற கேபிள்மா. உள்ள ரெண்டு கம்பிதான் இருக்கும். எங்க வாங்கின?"

"ஊத்துக்கோட்ட பஸ் ஸ்டாண்டுல."

"இன்னொண்ணு?"

"அதுவும் அங்கதான்."

அதையும் மாட்டிப் பார்த்தாள். சார்ஜ் ஏறியது.

"யார் வூட்லனா நல்ல கேபிள் கீதா?" என்று செங்கமலம் வாசலைப் பார்த்துக் கேட்டாள். சுமித்ரா ஓடிப்போய் ஒன்று கொண்டுவந்தாள். இன்னொருத்தி தன் கொழுந்தன் கேபிளைக் கொண்டுவந்தாள். அது வேறு மூக்கு. சேரவில்லை. சுமித்ராவுடையதும் பஸ் ஸ்டாண்டுக் கேபிள்தான்.

"ஊரே ஒரே கடையில வாங்கிக்கீதே," என்று யாரோ சொன்னார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

வெயில் வாசல்படிக்கு வந்துவிட்டது. வேங்கடாசலம் கடைசி வாளித் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினான். செல்லியம்மாவின் பால் இன்னும் அவள் தூக்கிலேயே இருந்தது. வரிசையில் முதலில் வந்தவள், ஆனால் எல்லாருக்கும் வழிவிட்டுக்கொண்டே இருந்தாள். செங்கமலம் அதை அப்போதுதான் கவனித்தாள்.

"அத்த, குடு. ஊத்திடலாம்."

செல்லியம்மா தூக்கை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதமே. பாலு யாருக்கும் காத்துக்கினு இருக்காது. ராஜுலகண்டிகையில கமலம்மா சென்டர்ல நெட்டு ஓடுதாம். நான் இப்ப நடந்தா வண்டி அங்க போறதுக்குள்ள ஊத்திடுவேன்."

"இதோ வந்துடும் அத்த."

"நேத்தும் இதோ வந்துடும்னுதான் சொன்ன."

செங்கமலம் தடுக்கவில்லை. செல்லியம்மாவுக்கு ஒரே மாடு. அதில்தான் சாப்பாடு. அவள் பின்னால் இன்னும் மூன்று பேர் போனார்கள். ஒருத்தி திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். அதற்கு அவள் பார்க்காமலே போயிருக்கலாம்.

ஏற்கெனவே ஊற்றிவிட்டவர்கள் போகவில்லை. போக முடியாது. அவர்கள் பால் தொட்டியில் இருந்தது. உட்காரவும் இல்லை. முந்தானையால் விசிறிக்கொண்டு நின்றார்கள்.

"திரிஞ்சா இன்னா பண்ணுவக்கா?" என்றாள் சுமித்ரா மெதுவாக.

"திரியாது."

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்காத."

வண்டிச் சத்தம் கேட்டது. சந்துரு இறங்கினான். துண்டால் முகத்தைத் துடைத்தபடி நேராகத் திரையைப் பார்த்தான். பிறகு கேன்களைப் பார்த்தான்.

"அக்கா, இன்னிக்கு என்னால ஆவாது. காலையிலயே போன் பண்ணிச் சொல்லிட்டாரு. ஏத்தினா என் வண்டியவே நிறுத்திடுவாராம்."

"நீ ஏத்த வேணாம் சந்துரு. கொஞ்ச நேரம் நில்லு."

"எவ்ளோ நேரம்? எனக்கு இன்னும் ராஜுலகண்டிகை போவணும், அப்புறம் ரெண்டு ஊரு கீது. பின்னால வேற பாலு கீதுக்கா. அதுவும் வெயில்லதான் நிக்குது."

கௌசிகா எழுந்தாள். "அண்ணா, உன் வண்டியில பாட்டு எதுல போடற?"

"போன்ல."

"போன்ல இருந்து செட்டுக்கு? கம்பியா, புளூடூத்தா?"

"கம்பிதான். இது பழைய செட்டு."

"அந்தக் கம்பி குடு."

சந்துரு ஒன்றும் புரியாமல் வண்டியில் ஏறி, கையளவுள்ள கறுப்புக் கம்பியை உருவிக்கொண்டு வந்தான். பிசுக்கு ஏறியிருந்தது. "பத்திரம்மா. போனும் இதுலதான் சார்ஜ் ஏறும். நாளெல்லாம் ரோட்ல கீறவன் நான்."

கௌசிகா பாவாடையில் துடைத்து மாட்டினாள். போன் ஒரு கேள்வி கேட்டது. சாம்பல் எழுத்து கறுப்பானது. தொட்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரையின் மேல்மூலையில் சின்னதாக ஏதோ சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. செங்கமலம் மகள் தோளைப் பிடித்திருந்தாள். பிடித்திருப்பது அவளுக்குத் தெரியவில்லை.

"மா, வலிக்குது."

சுற்றுவது நின்றது. அந்த இடத்தில் ஒரு குறி வந்தது.

"வந்துடுச்சா?" என்றான் வேங்கடாசலம் வாசலிலிருந்து.

"நெட்டு வந்துச்சு. இன்னும் அனுப்பல."

நேற்றுக் காலைப் பால் முதலில் போனது. ஒவ்வொரு பெயராக. சிக்னல் ஒரு கோடுதான் இருந்தது. நேற்று மாலைப் பால் பாதியில் நின்றது. கௌசிகா போனைக் கம்பி எட்டுகிற அளவுக்கு ஜன்னல் பக்கம் நகர்த்தினாள். கம்பி குட்டை. சந்துரு பெட்டியையே தூக்கி ஜன்னலோரம் வைத்தான். போனது. பிறகு இன்றைய பெயர்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. சுமித்ரா தன் பெயர் வருகிறவரை மூச்சுவிடவில்லை.

சந்துரு பவன்குமாருக்குப் போன் போட்டான். தெலுங்கில் பேசினான். காத்திருந்தான். "சரே சார், சரே சார்," என்றான். வைத்துவிட்டுத் தொட்டிப் பக்கம் நடந்தான்.

"அண்ணே, ஒரு கை குடு. தூக்கலாம்."

வேங்கடாசலம் ஈரச் சாக்கை உருவினான். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தான். மூடினான். இருவரும் தூக்கினார்கள்.

வண்டி போன பிறகு செங்கமலம் தரையில் உட்கார்ந்தாள். களி ஆறி இறுகியிருந்தது. கிள்ளி வாயில் போட்டாள். கௌசிகா எதிரில் உட்கார்ந்து தலையை அவிழ்த்து மறுபடி முடிந்தாள்.

"சார் இன்னா சொன்னாராம்? சென்டரு நமக்கேவா?"

"இன்னிக்கு ஏத்துன்னாராம். அப்புறம் யோசிக்கறேன்னாராம்."

"நெட்டுதான் வந்துடுச்சே."

"ஊருதான் போயிடுச்சே. நாலு பேரு அங்க போய்ட்டாங்க. பாலு கொறஞ்சா சென்டரு எதுக்குன்னு கேப்பாரு." அவள் களியை மென்றாள். "உன்ன நான் கேட்டிருக்கணும். நீ சொன்ன. அதானே நல்லா ஓடிக்கினு இருந்துச்சுன்னு."

"வுடுமா."

"நான்தான் எடுத்துட்டேன்னு ஏன் சொன்ன?"

"நான்தானே எடுத்தேன்."

கொஞ்ச நேரத்தில் மின்விசிறி நின்றது. கரண்ட் போய், உடனே வந்தது. பெட்டி அணைந்து மறுபடி எழுந்தது. கௌசிகா போனில் டெதரிங்கை மறுபடி போட்டு, நெட் வருகிறதா என்று சரிபார்த்தாள்.

அதற்குப் பின் செங்கமலத்தின் போன் அடித்தது. சந்துரு.

"அக்கா, இங்க கமலம்மா சென்டர்ல கீறேன். கரண்ட் போய்ட்டு வந்துச்சு. பொட்டி திரும்ப ஏந்திரிச்சதுல இருந்து நெட்டு இல்ல. உங்க வூட்ல இருந்த மாதிரியே. பாதிப் பேரு பாலுதான் போச்சு, மீதி நிக்குது. செல்லியம்மா பாலும் போவல. கம்பிய உங்க வூட்லயே வுட்டுட்டேன்."

கௌசிகா காதை ஒட்டி வைத்துக் கேட்டாள். "அங்கயும் புது கெர்னல் இறங்கி இருக்கும்மா. எல்லாப் பொட்டியும் ஒண்ணுதான். அணைச்சுப் போட்டாதான் புதுசு ஓட ஆரம்பிக்கும். நைனா இடிக்குப் பயந்து தினம் மெயின அணைக்கிறதால நமக்கு முதல்ல மாறிடுச்சு. அவங்க அணைக்கவே மாட்டாங்க. இப்பதான் மாறிக்கீது." பிறகு சொன்னாள்: "ஆனா அவங்ககிட்ட பழசு அப்டியே இருக்கும்."

போன் கை மாறியது. கமலம்மா தெலுங்கில் பேசினாள். குரல் அவசரமாக இருந்தது. ஹரிபாபு லைன் கிடைக்கவில்லை. சந்துரு சொன்னான், நீங்கள் சரி செய்துவிட்டீர்களாம். என்ன செய்ய வேண்டும்? சொன்னால் தானே செய்துகொள்வாள். சீக்கிரம் சொல்லுங்கள்.

செங்கமலம் போனைக் கையால் மூடினாள்.

வேங்கடாசலம் தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். "அவ பொட்டி படுத்துச்சுன்னா நமக்கின்னா?" என்றான். "அவளுக்குத்தான சென்டரக் குடுக்கறேன்னாரு. இன்னிக்கு அங்க பாலு திரிஞ்சா நாளைக்கு அத்தினி பேரும் இங்க வருவாங்க."

"அத்த பாலு அங்க கீது."

"அவ போவலன்னா இங்க ஏறியிருக்கும்."

"ஆமா," என்றாள் செங்கமலம். கையை எடுத்தாள். தெலுங்கில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். எதையும் தொட வேண்டாம். யாரையும் தொடவிட வேண்டாம். நான் வருகிறேன்.

"போன்லயே சொல்லேன்மா," என்றாள் கௌசிகா. "ஷிஃப்ட் அமுக்கி ரெண்டாவது லைன். அவ்ளோதானே."

"போன்ல சொல்ல மாட்டேன். வண்டிய எடு, கௌசி நைனா."

அவன் காலித் தொட்டியை ஒருமுறை பார்த்தான். பிறகு டி.வி.எஸ்.ஸை ஸ்டாண்டிலிருந்து தள்ளினான். அவள் சந்துருவின் கம்பியைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். உதவுமோ உதவாதோ. ஏரிக்கரை வழியே போனார்கள். வழியெல்லாம் அவள் உதடு அசைந்தது. ஷிஃப்ட். ரெண்டாவது. கீழே. எண்ட்டர்.

கமலம்மாவின் சென்டர் பெரிய ஷெட். சிமெண்டுத் தரை. இரண்டு ஊர்ப் பெண்களும் கலந்து நின்றார்கள். வேங்கடாசலம் வெளியிலேயே வண்டியோடு நின்றுவிட்டான். செங்கமலம் உள்ளே போனாள். செல்லியம்மா அவளைப் பார்த்துவிட்டுத் தூக்கு மூடியைச் சரிசெய்தாள்.

"ரா அக்கா," என்றாள் கமலம்மா. நாற்காலியிலிருந்து எழுந்தாள். அந்த நாற்காலியில் செங்கமலம் இதுவரை உட்கார்ந்ததில்லை.

அணைத்தாள். போட்டாள். ஷிஃப்டை அழுத்தினாள். பட்டியல் வரவில்லை. எழுத்துகள் ஓடின. பழையபடி காலியான மூலை.

பின்னால் ஒருத்தி முனகினாள். சந்துரு வெளியே போய் வெயிலைப் பார்த்துவிட்டு வந்தான்.

மறுபடி அணைத்தாள். இந்த முறை சுவிட்சுக்கு முன்னாலேயே ஷிஃப்டில் விரலை வைத்துவிட்டு, சுவிட்சைப் போடச் சொல்லிக் கமலம்மாவுக்குக் கண் காட்டினாள். கமலம்மா போட்டாள். பட்டியல் வந்தது. இரண்டாவது வரி. உள்ளே போனாள். நான்கு வரிகள். மேலே இரண்டு ஒரே எண். கீழே இரண்டும் வேறொரு எண்.

அவள் அந்தக் கீழ் எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தன் பெட்டியில் இருந்ததும் இதேதான்.

"ஏதி அக்கா?" எது என்று கேட்டாள் கமலம்மா.

அம்புக்குறியை இரண்டு முறை இறக்கி, எண்ட்டர் அடித்தாள். எழுத்துகள் ஓடின. நின்றன. மூலையில் குறி வந்தது. தங்கிப்போன பெயர்கள் தாமே நகர ஆரம்பித்தன. செல்லியம்மாவின் பெயர் ராஜுலகண்டிகைப் பட்டியலில் கடைசியாகப் போனது.

பெண்கள் கலைந்தார்கள். கேன்கள் ஏறும் சத்தம் கேட்டது. கமலம்மாவின் போன் அடித்தது. கையில் பால் ஈரம். ஸ்பீக்கரில் போட்டாள். பவன்குமார்.

எப்படிச் சரியானது என்று தெலுங்கில் கேட்டார். காலையிலிருந்து ஏழெட்டு சென்டர் விழுந்துவிட்டது, ஹரிபாபு கிடைக்கவில்லை, யார் வந்து செய்தது?

கமலம்மா செங்கமலத்தைப் பார்த்தாள். "மேமே சேசுக்குன்னாம் சார்," என்றாள். நாங்களே செய்துகொண்டோம்.

பவன்குமாருக்குச் சந்தோஷம். நல்லது என்றார். எல்லாச் சென்டரிலும் இதே கோளாறு இருக்கும்போது ஒன்றை மட்டும் மூடுவது சரியில்லை, தாழங்கண்டிகையும் இருக்கட்டும் என்றார். பிறகு, நீங்கள் கெட்டிக்காரி, அந்தத் தாழங்கண்டிகைக்காரிக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள் என்றார்.

"சரே சார்," என்றாள் கமலம்மா. போனை வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "காபி தாகுதுவா அக்கா?"

"வத்து," என்று மறுத்தாள் செங்கமலம்.

வெளியே வேங்கடாசலம் வண்டியைக் கிளப்பி வைத்திருந்தான். செல்லியம்மாவும் காலித் தூக்கோடு பின்னாலேயே வந்து நின்றாள். உள்ளே பேசினது முழுக்க அவள் காதிலும் விழுந்திருந்தது.

"ஸ்பீக்கர்ல சார் குரலு கேட்டுச்சே," என்றான் வேங்கடாசலம். "இன்னா சொன்னாரு?"

செல்லியம்மா செங்கமலத்தின் முகத்தைப் பார்த்தாள்.

"சென்டரு நமக்கேதானாம்," என்றாள் செங்கமலம்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

பின் சீட்டில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, செல்லியம்மாவுக்கு இடம் விட்டாள்.